மலைப் பிள்ளை மெதுவாத்தான் நடக்கும்

போடியில் நான் வேலை பார்த்த இடத்துக்குப் பலகையில் ஒரு பெயர், ஊர் வாயில் ஒரு பெயர். பலகையில் ‘மனநலம்’ என்று எழுதியிருந்தது. ஊர் அதைக் கிறுக்கு ஆஸ்பத்திரி என்றது. ஏலக்காய் குடோன்களுக்குப் பின்னால் இருந்த சின்ன ஓட்டுக் கட்டடம். மதுரையிலிருந்து ஒரு மனநல டாக்டர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்குவார், பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் நர்ஸ் என்ற பெயரில் நான்தான் அங்கே எல்லாம். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கோபம் மூக்குக்கு மேலே இருக்கும்.

கட்டடத்தின் முன்வாசல் கடைத்தெருவைப் பார்த்து இருந்தது. பின்வாசல் ஒரு சந்தில், சாக்கடையை ஒட்டி இருந்தது. டாக்டர் வரும் நாளில் முன்வாசலில் ஈ காக்கா இருக்காது. பின்சந்தில் திருவிழாக் கூட்டம் நிற்கும். எல்லோரும் காய்கறிப் பையோடு சந்தைக்கு வந்த மாதிரியே நிற்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தலைவலி. அடுத்தவரைச் சொல்வானேன், என் வீட்டிலும் இதே கூத்துதான். எங்கள் அப்பா தோட்டம் வைத்திருந்த சம்சாரி. என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் நான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சந்து வழியாக வந்தவர்களில் பாதிப் பேர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். பேச்சு வராத பிள்ளை, நடை வராத பிள்ளை, வலிப்பு நிற்காத பிள்ளை. எல்லாம் வளர்ந்த பிள்ளைகள். சிலரைக் கையைக் கட்டித்தான் கொண்டுவருவார்கள். ஏன் இத்தனை வருஷம் கழித்து வருகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், சரியாகிவிடும் என்று இருந்தோம் என்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மருந்து எழுதுவார். ஒரு சாயங்காலம், இவர்கள் இங்கே வந்து சேருவதற்குள் நாம் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை, நீ மேலே ஏறிப் போய்த் தொட்டிலில் கிடக்கும்போதே பார் என்று என்னிடம் சொன்னார். அப்படித்தான் நான் வாரத்தில் இரண்டு நாள் ஜீப்பில் மலையேறத் தொடங்கினேன்.

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அது. ஏறுகிறவர்களுக்கு இடம் கிடைக்கிறதோ இல்லையோ, ஜீப்புக்காரர் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார். கொண்டைஊசி வளைவுகளில் யார் மடியில் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இறங்கினால் ஏலத் தோட்டங்கள். பெரிய மரங்களின் நிழலில், ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடி. வெயில் தரையில் விழுவதே இல்லை. அந்த ஈரத்தில் அட்டைகளுக்கு ராஜ வாழ்க்கை. பெண்கள் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்து, சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு காய் எடுக்கப் போவார்கள். திரும்பி வந்து சாக்கை அவிழ்த்தால் அதற்குள்ளும் நாலு அட்டை இருக்கும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம். கைப்பிள்ளையைத் தரையில் விடுவதே கிடையாது. வேலைக்குப் போகும்போது முதுகில் கட்டியிருக்கும். காய் எடுக்கும்போது மரக்கிளையில் பழைய சேலைத் தொட்டிலில் தொங்கும். லயம் என்று சொல்கிற அந்த வரிசை வீடுகளுக்குத் திரும்பினால் அங்கேயும் தரை ஈரம்தான். யார் இடுப்பிலாவது இருக்கும். தவழாமல், தத்தாமல், தரையைத் தொடாமலேயே பிள்ளை ஒரு வயதைக் கடந்துவிடும். பிறகு எப்படி நடக்கும்? ஆகவே லயத்தில் எல்லோருக்கும் ஒரு சொல் பாடம்: மலைப் பிள்ளை மெதுவாத்தான் நடக்கும்.

அதில் எரிச்சல் என்னவென்றால், அந்தச் சொல் உண்மை. நானே பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும்வரை நிற்கக்கூடத் தெரியாத பிள்ளை, சீசன் முடிந்து கீழே ஊருக்கு இறங்கிய சில வாரத்தில் ஓடிவிடும். முழுப் பொய்யாக இருந்தால் சண்டை போட்டு உடைத்துவிடலாம். முக்கால்வாசி உண்மையாக இருக்கிற ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது?

நான் சொல்ல வந்தது ஒரு பெண் பிள்ளையைப் பற்றி. அதன் தாய்க்கு இருபது வயதுதான் இருக்கும். பொட்டிபுரத்துப் பக்கம் ஊர். கல்யாணமான கையோடு புருஷனோடு மலைக்கு வந்தவள். நான் அந்த லயத்துக்குப் போன முதல் நாள், பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அந்தப் பிள்ளையைக் காட்டக் கூட்டிப் போனாள். அவளுக்கும் அதே வயதில் ஓர் ஆண் பிள்ளை இருந்தது, அது இடுப்பில் இருந்துகொண்டு லயமே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. இந்தா பாருங்க, இதுவும் பிள்ளைதான், அதுவும் பிள்ளைதான் என்றாள். தொட்டிலில் போட்டால் போட்டபடி கிடக்குமாம். பசிக்குக்கூட அழாதாம். தாய் நிம்மதியாகக் காய் எடுக்கலாமாம். வேலை வாங்கும் கங்காணிகூட, பிள்ளை பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்றாராம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று கீழே ஊரில் சொல்வார்கள். மேலே அழாத பிள்ளைக்குத்தான் மரியாதை.

நான் குனிந்து பார்த்தேன். உப்பின முகம். நாக்கு சற்று வெளியே துருத்தி இருந்தது. தொட்டால் உடம்பு ஜில்லென்று இருந்தது. மலைக் குளிர் என்றாள் தாய். தோல் சொரசொரவென்று காய்ந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். தொப்புள் புடைத்திருந்தது, காற்று புகுந்துவிட்டதாம். வெளிக்குப் போக நாலைந்து நாள் ஆகுமாம், தாய்ப்பால் பிள்ளை அப்படித்தானாம். பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கிவிட்டது, தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. அதற்குத்தான் அந்தப் பாடம் இருக்கவே இருக்கிறதே. நான் ஒன்று ஒன்றாகக் கேட்கக் கேட்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒன்று ஒன்றுக்கும் மலையிலிருந்து ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தாள். மதுரையில் படிக்கும்போது இப்படி ஒரு முகத்தை வார்டில் பார்த்திருக்கிறேன். அது ஐந்து வயதுப் பிள்ளை, தொட்டில் பிள்ளை அளவுதான் இருந்தது.

அந்த மாதம் டாக்டரிடம் சொன்னேன். அவர் நான் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் ஊறுவதுதான் உடம்பையும் மூளையையும் வளர்க்கிறது, சில பிள்ளைகளுக்கு அது ஊறாது, அதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். மூளை வேகமாக வளருவது முதல் மாதங்களில்தான். அப்போது விட்டது பிறகு முழுசாகக் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான் என்றார். ஆனால் பார்க்காமல், ரத்தம் எடுக்காமல் அந்த மாத்திரையைக் கொடுத்துவிட முடியாது. பிள்ளையை எப்படியாவது கீழே கொண்டுவா என்றார்.

அடுத்த நாளே ஏறிப் போனேன். காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். புருஷன் முகம் கொடுத்தே பேசவில்லை. நடக்காத பிள்ளையை ஆற்று மணலில் இடுப்பளவு புதைத்து நிறுத்தினால் கால் ஊன்றும் என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தார்களாம், ஊருக்குப் போகும்போது அதைச் செய்வதாக இருந்தான். தாய் மட்டும் பொறுமையாகக் கேட்டாள். நான் சொல்லி முடித்ததும், உங்கள் டாக்டர் எதற்கு டாக்டர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். அவள் பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எம் புள்ள கிறுக்கு இல்லக்கா” என்றாள். “நீங்க போயிட்டு வாங்க.”

நான் கத்தினேன். லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கத்தினால் ஒரு காரியம் நடக்கும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கு அடுத்த முறை போனபோது, சரி, எங்கள் டாக்டர் வேண்டாம், வேறு எந்த டாக்டரிடமாவது காட்டு என்று கெஞ்சினேன். அதை அவள் கேட்டாள். சந்தைக்கு இறங்கிய ஒரு நாளில் போடியில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் போடியிலேயே பிறந்து வளர்ந்தவர். பிள்ளையைத் தட்டிக் கொடுத்து, ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, மலைப் பிள்ளை மெதுவாகத்தான் நடக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டரே சொல்லிவிட்டார் என்று ஆனபிறகு நான் எந்த மூலைக்கு?

நாள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அந்த மாதங்களில் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகைதான், நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டாலும் மனது அங்கே போய் நின்றது. வேறு நோய் என்றால் வலிக்கும், காயும், கொதிக்கும். தாய் பதறிக்கொண்டு ஓடிவருவாள். இந்த நோய் அந்தப் பிள்ளையைச் சமர்த்தாக வைத்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மெச்சிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒன்று குறைந்துகொண்டிருக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் காய் எடுப்பு ஓய்ந்தது. ஊர் அம்மன் பொங்கலுக்கு எல்லோரும் மலையை விட்டு இறங்கினார்கள். அந்த லயத்தில் பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்கள். பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலே நான் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். பஸ்சில் போகும்போதே என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். எப்படியும் கடைசியில் கத்தத்தான் போகிறேன் என்றும் தெரிந்திருந்தது.

ஊருக்கு வெளியே களம். அறுப்பு முடிந்து, சோளத்தட்டையை ஓர் ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வெயில் அடித்துத் தரை கட்டாந்தரையாகக் கிடந்தது. அங்கே ஏது அட்டை? மலையிலிருந்து வந்த பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் பையன், முதல் நாள் களத்தில் இறக்கிவிட்டபோது காலை மேலே தூக்கிக்கொண்டு கதறினானாம். தரை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் கல் உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். நான் போனபோது ஒரு கோழியை விரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தான். அவன் அம்மா பெருமை தாங்காமல் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாய் தட்டைப்போர் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் விரித்த சாக்கில் அவள் பிள்ளை மல்லாக்கக் கிடந்தது. ஆற்று மணலில் நிறுத்திப் பார்த்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. இடுப்புக்குக் கீழே மண் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து அவள் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனும் அந்த லயத்துலதான பெறந்தான்” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மழையிலதான் வலி எடுத்துச்சு. அவளும் புள்ளையக் கீழ விட்டதில்ல, நானும் விட்டதில்ல.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். “அவனுக்கும் அதே குளிரு, அதே அட்டதானக்கா?”

கத்துவதற்கென்றே வந்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. பிள்ளையின் காலில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, டாக்டர் வருகிற சனிக்கிழமை எப்போது என்று கேட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் முன்வாசல் வழியாக வந்தாள். கடைத்தெருவே பார்க்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பலகைக்கு நேர் கீழே நடந்து உள்ளே வந்தாள். புருஷன் எதிர் டீக்கடையில் யாரோ மாதிரி நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரு வழி இருக்கிறது, தெரியாதா என்று நான் மெதுவாகக் கேட்டேன். பார்த்தேன், அங்கே ஒரே நெரிசல், பிள்ளைக்கு மூச்சு முட்டும், இங்கேதான் காலியாக இருக்கிறது என்றாள். அந்தக் கட்டடத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் அதைவிட நல்ல பதிலை யாரும் சொன்னதில்லை.

டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தாயின் கழுத்தைப் பார்த்தார். அங்கே லேசாக ஒரு புடைப்பு இருந்தது. அந்த மலையில் பல பெண்களுக்குக் கழுத்து அப்படித்தான் இருக்கும், யாரும் அதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. மலைத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் அந்தச் சுரப்பிக்கு வேண்டிய ஒரு சத்து குறைவு, அது தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை என்று அவளுக்கு விளக்கினார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை ரயிலில் நானும் கூடப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், கையைப் படம் பிடித்தார்கள். எலும்பு பிறந்த பிள்ளைக்கு இருப்பது போல இருக்கிறது என்றார்கள். கையில் கொடுத்தது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. தினமும் காலையில் அதைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதானா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவ்வளவுதான். அடுத்த முறை நான் லயத்துக்குப் போனபோது தூரத்திலேயே ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. அது அந்தப் பிள்ளை. உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, கண் என்னைத் தொடர்ந்து வந்தது. இத்தனை நாள் அழாமல் விட்ட அழுகையை எல்லாம் சேர்த்து அழுதது. முன்பு மெச்சியவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். நல்லா இருந்த பிள்ளையை மருந்து கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று கங்காணி சொன்னாராம். தாய் வேலைக்கு நடுவே தொட்டிலுக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிள்ளை உட்கார்ந்தது. பல் வந்தது. இரண்டு வயது தாண்டி, கீழே ஊர்க் களத்தில் ஒரு நாள் நடந்தது. மாதா மாதம் மாத்திரைக்கு வரும்போது முன்வாசலில் அதைக் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிவருவாள். அப்படி ஒரு முறை வந்தபோதுதான் டாக்டரிடம் அதைக் கேட்டாள். இன்னும் என்னவெல்லாம் வரும் என்று கேட்டாள். இன்னும் நிறைய வரும், ஆனால் மற்றப் பிள்ளைகள் மாதிரி எல்லாமே வந்துவிடாது என்றார் அவர்.

“பெறந்தப்பவே குடுத்திருந்தா?” என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “வந்திருக்கும்மா” என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு மாத்திரையை வாங்கிப் போனாள். அவள் போனதும் நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன். அவள் கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டியதுதான், அதை மறைக்க நான் யார் என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் பல நாள் தணியவில்லை. பூசி மெழுகினால் என்ன என்றுதான் இன்றும் சில சமயம் தோன்றுகிறது. ஒரு தாய் அதைச் சுமந்துகொண்டு அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பெண் பிள்ளை வளர்ந்தது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே வருஷக் கணக்கில் உட்கார்ந்திருந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் நமக்குக் கேட்டதே மறந்துபோகும். என்னைக் கண்டால் ஓடிவந்து என் கையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஜீப்பு கிளம்பும்வரை விடாது. எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். அதைப் பாவம் என்று யாராவது சொன்னால் நான் பொறுத்துக்கொள்வதில்லை. ஆனால் தாய் அதன் தலையைச் சீவிவிடும்போது, பக்கத்து வீட்டுப் பையன் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு திண்டாடுவதைக் கேட்டுக்கொண்டே சீவுவாள். அப்போது நான் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது, பெண். லயமே கூடி அதிசயப்பட்டது. முதல் பிள்ளை மாதிரி இல்லை, இது போட்டால் போட்டபடி கிடக்கிறது என்றார்கள். மாத்திரைக்கு வந்துபோகும் தாய் போய்ப் பார்த்திருக்கிறாள். குளிப்பாட்டும்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். டாக்டரிடம் காட்டச் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரி பொங்கிவிட்டாள். உன் பிள்ளை மாதிரியே என் பிள்ளையும் ஆக வேண்டுமா, கண் வைக்க வந்தாயா என்று கேட்டுவிட்டாள். பிறகு அதே பழைய பாடத்தை, மலைப் பிள்ளை என்று தொடங்கி, இவளுக்கே சொல்லிக்காட்டினாளாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் கண்டது இவ்வளவுதான்: ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து முன்வாசலில் வந்தார்கள். மகளை ஜீப்பில் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, துணைக்கு வா, அப்படியே சந்தைக்கும் போய்வரலாம் என்று இவள் அவளைக் கூட்டிவந்திருக்கிறாள். டாக்டர் கூப்பிட்டதும், இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று தன் மகளை அவளிடம் விட்டுவிட்டு, கை காலியானவள் போலக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கின வேகத்தில் உள்ளே போய் அதை டாக்டர் மேஜைமேல் படுக்க வைத்துவிட்டாள்.

“இதப் பாருங்க சார். வெரசாப் பாருங்க” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே ஓடிவந்து சத்தம் போட்டாள். டாக்டர் அதற்குள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்திருந்தார். அவர் முகம் மாறியதை அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சத்தம் போடவில்லை. அந்தப் பிள்ளைக்கு மாதம் இன்னும் இரண்டு ஆகவில்லை.

இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் வந்தது. சிரிப்பு, திரும்பிப் படுப்பது, பேச்சு, எல்லாம். மூன்று வயதானபோது மதுரையில் மறுபடி சோதித்துவிட்டு, சுரப்பி இப்போது தானே வேலை செய்கிறது, சிலருக்கு இப்படித் தேறிவிடும், மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. வாத்தியாரை மலையாளத்தில் ஒரு கேள்வி, தமிழில் ஒரு கேள்வி என்று கேட்டு விரட்டும்.

கொஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கதையை லயம் முழுக்கச் சொல்ல ஆரம்பித்தாள். தன் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லையாம். நல்லா இருந்த பச்சைப் பிள்ளையை இவள் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டு போய்க் கிறுக்கு டாக்டர் முன்னால் போட்டுவிட்டாளாம். இவள் பிள்ளை அப்படி இருக்கிறதே என்ற பொறாமையாம். மூன்று வருஷம் வீணாக மாத்திரை கொடுத்தோம், கடைசியில் டாக்டரே ஒன்றுமில்லை என்று நிறுத்திவிட்டார் பார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். தண்ணீர்க் குழாயடியில் இவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

இது என் காதுக்கு வந்த அன்றைக்கே ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டு போனேன். உன் மகள் இன்று வாயாடுகிறாள் என்றால் அது யார் போட்ட பிச்சை என்று லயத்தின் நடுவில் நின்று கேட்டுவிடுவது என்று முடிவு. மழை விட்டிருந்தது. தாய் வாசலில் உட்கார்ந்து மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அப்போது எட்டு வயதுக்கு மேல். பக்கத்து வாசலில் அந்தச் சின்னது தன் அம்மாவிடம் ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவான பேச்சு. நான் நேரே அந்த வாசலுக்குப் போகத் திரும்பினேன். தாய் எட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கக்கா போறீங்க? உக்காருங்க.”

அவள் என்னவெல்லாம் பேசுகிறாள், உனக்குச் சூடு சொரணை இல்லையா என்று கேட்டேன். மகள் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“சொல்லட்டும்க்கா. ‘எம் புள்ளைக்கு ஒண்ணுமே இல்ல’ன்னு வாய் நெறையச் சொல்றால்ல? அப்படி ஒருத்தி சொல்லணும்னுதான அந்தப் புள்ளைய நான் தூக்கியாந்தேன். என்னால சொல்ல முடியல. அவளாச்சும் சொல்லட்டும்.”

நான் உட்கார்ந்தேன். மகள் வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வாசலில் சின்னது பேசிக்கொண்டே இருந்தது, நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.